ரெண்டு சடை

அண்ணே, இந்த பஸ்ஸு ஏழுகரை விலக்குல நிக்குமா? நிக்கும்ல? நல்லதாப் போச்சு. கொஞ்சம் நகந்து உக்காருங்க. இல்லண்ணே, பைய மேல வைக்க வேணாம், மடியிலயே இருக்கட்டும். கனமெல்லாம் இல்ல. உள்ள ஒரு சடைதான் இருக்கு.

ஆமா, சடைதான். தலைமுடி. பயப்படாதீங்க, நான் மந்திரிக்கிற ஆள் இல்ல. எம் பையன் முடி, பேரு எழிலன், ஏழு வயசு. குலசாமிக்குச் செலுத்தக் கொண்டுபோறேன். நீங்க ஏழுகரையேவா? அட, அப்ப அய்யனார் கோயிலுக்கு எப்படிப் போகணும்னு நீங்களே காட்டிரலாம். விலக்குல இறங்கி உள்ள நடக்கணும்ங்கிற வரைக்கும் ஞாபகம் இருக்கு. எங்கப்பாகூட சின்னப்புள்ளையில ஒரு தடவை வந்தது. அதுக்கப்புறம் நேரம் அமையல. ஆனா மனசுல அய்யனார் இல்லாத நாளே கிடையாதுண்ணே, கேஸ் போட்டதுலருந்து.

இந்த போனு வேற. புது நம்பரு. ஆரப்பாளையத்துல இறங்குனதுலருந்து அடிச்சுக்கிட்டே இருக்கு. பையனோட அம்மா இருக்காளே, அவ வக்கீலாத்தான் இருக்கும், நம்பர மாத்தி மாத்தி அடிப்பாங்க. அடிக்கட்டும். நான் கோயில்ல சடையைப் போட்டுட்டுத்தான் எடுக்குறதுன்னு இருக்கேன்.

எனக்கு மதுரையில பைபாஸ் பக்கம் ஃப்ளெக்ஸ் கடைண்ணே. பாண்டி டிஜிட்டல்ஸ். காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரங்க பிறந்தநாள், கோயில் கொடை, சர்ச் திருவிழா, எல்லாம் நம்ம மிஷின்லதான் வெளிய வரும். சாமியில நான் வித்தியாசமே பாக்குறதில்ல. எல்லாரும் சதுரடிக் கணக்குதான் எனக்கு. ஜெசிந்தா நம்ம கடையில டிசைன் பண்ண வந்த பொண்ணுதான். திண்டுக்கல்லு. வேதக்காரங்க வீடு. ஆனா அவ சர்ச்சுக்குப் போறவ இல்ல, நான் கோயிலுக்குப் போறவன் இல்ல. ரெண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லித்தான் பிடிச்சுப்போனது. ரிஜிஸ்தர் ஆபீஸ்ல மாலை மாத்திக்கிட்டோம். புள்ளைக்கு எழிலன்னு பேர் வச்சோம். எந்தச் சாமிக்காரனும் வந்து எங்க ஆளுன்னு சொல்லிரக் கூடாதுன்னு தேடித் தேடி வச்ச பேருண்ணே அது.

அப்புறம் ஏன் பிரிஞ்சீங்கன்னு கேப்பீங்க. சாமியால இல்ல. நான் வீட்டுக்கே வர்றதில்லைன்னு சொன்னா. சீசன் நேரத்துல ஃப்ளெக்ஸ்காரன் எங்கிட்டு வீட்டுக்கு வர்றது? மிஷின் ஓடும்போது நான் பக்கத்துல நிக்கணும். அதைப் புரிஞ்சுக்கிற மனசு இல்ல அவளுக்கு. சரின்னு ரெண்டு பேருமா சம்மதிச்சுத்தான் பிரிஞ்சோம். சண்டையே இல்லண்ணே. ஃப்ரிட்ஜ் அவளுக்கு, வண்டி எனக்கு. பையன் அவகூட திண்டுக்கல்லுல இருப்பான், ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை எங்கிட்ட இருப்பான். கொடைரோட்டுல ஒரு டீக்கடை வாசல்ல கைமாத்திக்கிறது, ஏன்னா அது ரெண்டு ஊருக்கும் நடுவுல. டீத்தூள் வடிகட்டி யாருக்குங்கிறது வரைக்கும் எழுதினோம். பையன் எந்தச் சாமியைக் கும்புடணும்னு மட்டும் எழுதாம விட்டுட்டோம். எப்படித் தோணும்? அப்ப ரெண்டு பேருக்குமே சாமி கிடையாதே.

போன வருஷத்துக்கு முந்துன மழைக்காலத்துல புள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சு. கொசுக்காய்ச்சல். ரத்தத்துல தட்டணு, அதான் பிளேட்லெட்டு, குறையுது, குறையுதுன்னு திண்டுக்கல்லுலருந்து மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டாங்க. உள்ள விட மாட்டேங்கிறாங்க. வெளிய நீளமா ஒரு வராந்தா. நான் இந்தக் கோடியில நிக்கிறேன், அவ அந்தக் கோடியில நிக்கிறா. தானா வாயில வந்துச்சு, ஏழுகரை அய்யனாரே, எம் புள்ளைய எந்திரிச்சு உக்கார வை, அவன் தலைமுடிய உன் வாசல்ல கொண்டாந்து இறக்குறேன்னு. அய்யனார் பேரு எனக்கு ஞாபகம் இருந்ததே எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. அந்தக் கோடியில பாத்தா அவ முழங்கால் போட்டு நிக்கிறா. வேளாங்கண்ணி மாதாகிட்ட அதே முடிய அவளும் வேண்டிக்கிட்டிருக்கா. அது எனக்கு அப்பத் தெரியாது.

புள்ள பொழச்சுக்கிட்டான். நர்ஸம்மா வந்து இனிமே பயமில்லைன்னாங்க. நான் அழுதுட்டேன். உள்ளதச் சொல்றேன், அந்த வராந்தாவுல நானும் அவளும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு அழுதோம். பிரிஞ்சதுக்கப்புறம் அன்னைக்குத்தான் அவ கையைத் தொட்டேன். எனக்கு என்னமோ எல்லாமே சரியாப் போயிருமோன்னுகூடத் தோணுச்சு. அத்தோட வாயை மூடியிருக்கலாம். நான்தான் சொன்னேன், அய்யனார் காப்பாத்திட்டாரு ஜெசின்னு. அவ சட்டுன்னு கையை உருவிக்கிட்டா. மாதா காப்பாத்துனாங்கன்னா.

அம்புட்டுதான். அங்க ஆரம்பிச்சதுண்ணே கேஸு.

அடுத்த சனிக்கிழமை கொடைரோட்டுல புள்ளைய வாங்குறேன், கழுத்துல மாதா படம் போட்ட கயிறு கிடக்கு. எனக்கு எப்படி இருக்கும்? அதைக் கழட்டிப் பையில போட்டுட்டு, அவன் நெத்தியில பட்டையா விபூதி பூசிக் கூட்டிட்டுப் போனேன். சாயங்காலம் திருப்பிக் குடுக்குறப்ப அவ அதே டீக்கடை வாசல்ல தண்ணி வாங்கி அதை அழிச்சா. இப்படியே ஓடுச்சு. கொஞ்ச நாள்ல புள்ளையே பழகிட்டான். என்னையப் பாத்ததும் கயித்தைக் கழட்டி நாலா மடிச்சு ஜோப்புல வச்சுக்கிட்டு நெத்தியைக் காட்டுவான். அவளப் பாத்ததும் சட்டைக் கையால நெத்தியைத் துடைச்சுட்டுக் கயித்தை எடுத்து மாட்டிக்குவான். நம்ம ஒரு வார்த்தை சொல்ல வேணாம். அம்புட்டு விவரம்ணே எம் பையன்.

அப்புறம்தான் அவ வேளாங்கண்ணிக்கு டிக்கெட் போட்டிருக்கான்னு தெரிஞ்சுச்சு. மொட்டை எடுக்க. அய்யனாருக்குன்னு நேர்ந்த முடியைக் கொண்டுபோய் வேற இடத்துல இறக்கினா தெய்வக்குத்தம் ஆகுமா ஆகாதா? நேரா வக்கீல் நாகலிங்கத்துக்கிட்டப் போனேன். நல்ல வக்கீல். நம்ம கடையிலதான் அவருக்கு வருஷா வருஷம் காலண்டர் போடுறது. தடை கேட்டு மனுப் போட்டோம். அவளும் சும்மா இல்ல, நான் ஏழுகரைக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு அவ ஒரு மனு. கடைசியில கேஸு எங்க வந்து நிக்குதுன்னா, புள்ளைய யாரு காப்பாத்துனதுங்கிறதுல வந்து நிக்குது.

சிரிக்காதீங்கண்ணே. கோர்ட்டுல அப்படித்தான் ஆச்சு. காய்ச்சல் பாத்த டாக்டரைக் கூண்டுல ஏத்திட்டாங்க. சின்னப் பையன், ராத்திரி டூட்டி பாத்துட்டு அப்படியே வந்திருக்கான். எங்க வக்கீல் கேக்குறாரு, தட்டணு ஏற ஆரம்பிச்சது மத்தியானமா சாயங்காலமான்னு. ஏன்னா அவ மத்தியானத்துலருந்தே முழங்கால்ல நின்னாளாம், நான் வேண்டுனது சாயங்காலம். டாக்டர் பேப்பரைப் புரட்டிப் பாத்துட்டு, ராத்திரி நர்ஸம்மா டிரிப் மாத்துனதுக்கப்புறம்தான் ஏறுச்சுன்னுட்டான். ரெண்டு வக்கீலுக்கும் முகம் செத்துப்போச்சு. அவனுக்கு யாரும் ஒரு நன்றி சொல்லல. அவன்தான் ரெண்டு தரப்புக்கும் பிரயோசனம் இல்லாத சாட்சியாப் போயிட்டானே.

அப்புறம் என்னையக் கூண்டுல ஏத்துனாங்க. அவ வக்கீலு ஒரு பொம்பளை. ரொம்ப மரியாதையாப் பேசும், அதுதான் ஆபத்து. உங்க கடையில போன மாசம் மாதா திருவிழாவுக்கு ஃப்ளெக்ஸ் அடிச்சீங்களான்னு கேட்டாங்க. அடிச்சேன். அதுல மாதாவே எங்களைக் காத்தருளும்னு எழுதியிருந்துச்சான்னாங்க. எழுதியிருந்துச்சு. நம்பிக்கை இல்லாமயா எழுதினீங்கன்னாங்க. தொழில் வேற பக்தி வேறன்னு சொன்னேன். அதோட விட்டாங்களா, உங்க குலசாமி எந்தப் பக்கம் பாத்து இருக்காருன்னு கேட்டாங்க. கிழக்கன்னு சொல்லிட்டேன். சாமின்னா கிழக்கதான பாக்கும்?

என்னது, மேற்கா? உண்மையாவாண்ணே? கம்மாயப் பாத்து மேற்கயா? அய்யய்ய. சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கேனே. சரி விடுங்க, அந்தம்மா நேர்ல வந்து பாக்கவா போகுது.

எங்க வக்கீலும் அவளை விடல. ஜெபமாலையில எத்தனை மணி இருக்கும், கடைசியா ஃபாதர்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணது எப்பன்னு கேட்டாரு. அவளுக்குத் திக்கித் திக்கித்தான் வந்துச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோசம். பாருங்க, அவளுக்கெல்லாம் பக்தியே இல்லண்ணே. கேஸுக்காகச் சர்ச்சுக்குப் போறா. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் புள்ளையோட சர்ச் வாசல்ல நின்னு போட்டோ எடுத்து வக்கீலுக்கு அனுப்புறா. நான் அப்படியா? நான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எடுக்குற செல்ஃபியில நான் மட்டும்தான் இருப்பேன், பின்னால கோபுரம் தெரியும். வக்கீல் சொன்னாரேன்னுதான் அதுகூட.

கடைசியில ஜட்ஜம்மா ஒரு உத்தரவு போட்டாங்க. கேஸு முடியிற வரைக்கும் குழந்தையோட தலைமுடி இப்ப இருக்குற நிலையிலயே இருக்கணும், ரெண்டு தரப்பும் அதுல கை வைக்கக் கூடாதுன்னு. அவங்க மொட்டையத்தான் சொன்னாங்கன்னு இப்ப எல்லாரும் சொல்றாங்க. அன்னைக்கு எங்க வக்கீல் என்ன சொன்னாருன்னா, கை வைக்கக் கூடாதுன்னா கை வைக்கக் கூடாது, ஒரு முடி குறைஞ்சாலும் கோர்ட் அவமதிப்புன்னாரு. அவ வக்கீலும் அவகிட்ட அதேதான் சொல்லியிருக்காங்க. ரெண்டு வக்கீலும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

அப்ப என்ன ஆச்சுன்னா, புள்ளைக்கு யாரும் முடியே வெட்டல. காது மூடுச்சு. கழுத்தைத் தொட்டுச்சு. கோடை லீவு விட்டாங்க, கோர்ட்டுக்கும் லீவு. தோளுக்கு வந்துச்சு. ஜட்ஜம்மா மாறிப்போயி வேற ஜட்ஜம்மா வந்தாங்க, அவங்க முதல்லருந்து படிக்கணும்னாங்க. முதுகுக்கு வந்துருச்சு. இடையில அவ வெட்டிறக் கூடாதுல்ல? அதனால சனிக்கிழமை புள்ள கைக்கு வந்ததும் முதல் வேலையா டேப்ப வச்சு அளந்துருவேன். முன்னாடி ஒரு போட்டோ, பின்னாடி ஒரு போட்டோ, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு. அவளும் சாயங்காலம் திருப்பி வாங்குறப்ப அதே மாதிரி அளப்பா. டீக்கடைக்காரரு எங்களுக்குன்னே ஒரு ஸ்டூல் ஒதுக்கி வச்சிருந்தாரு. புள்ள அதுமேல ஏறி, நாங்க சொல்றதுக்கு முன்னாடியே திரும்பித் திரும்பி நிப்பான்.

பள்ளிக்கூடத்துல ஒரே ரகளை. ஆம்பளப் புள்ளைக்கு இம்புட்டு முடி கூடாதுன்னாங்க. நான் கோர்ட் உத்தரவைப் பெருசா அடிச்சு, லேமினேஷன் போட்டு, அவன் ஸ்கூல் பையில கட்டித் தொங்கவிட்டேன். கீழ நம்ம கடை பேரும் செல் நம்பரும் வந்துருச்சு, அது பழக்கதோசம். அதுக்கப்புறம் வெட்டச் சொல்றத விட்டுட்டாங்க. ஆனா நீளமா முடி இருந்தா ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டணும்னு பள்ளிக்கூடத்துல ஒரு சட்டம் இருக்காம். அது கோர்ட் உத்தரவுக்கு விரோதம் இல்லையேன்னு அந்த ஹெட்மாஸ்டர் நோட்டு எழுதி அனுப்பிட்டாரு. சரின்னு அவ தினமும் ரெட்டைச் சடை பின்னி நீலக் கலர் ரிப்பன் கட்டி அனுப்புனா. பசங்க என்னென்னமோ பேர் வச்சுக் கூப்பிட்டிருக்காங்க. பொண்ணுங்க வரிசையில உக்கார வச்சிருக்காங்க. ஆம்பளைங்க கக்கூசுக்குப் போனா விரட்டுறாங்கன்னு பகல் பூரா அடக்கிக்கிட்டு இருந்திருக்கான். நான் சொன்னேன், டேய், சாமிக்காகத் தாங்கிக்கிறணும்னு. அம்மாவும் அதையேதான் சொன்னாங்கன்னான். பாத்தீங்களா, எதைச் சொன்னாலும் எனக்குப் போட்டிக்கு அவளும் அதையே சொல்றா.

பேன் வந்துச்சு. அதுக்கொரு மனு. பேன்சீப்பு போட்டுச் சீவுனா முடி உதிருதுல்ல, அது அவமதிப்புல வருமா வராதான்னு. உதிர்ந்த முடிய ஒரு கவர்ல போட்டுத் திருப்பிக் குடுக்கணும்னு ஏற்பாடாச்சு. சனிக்கிழமை பூரா எனக்கு அதுலயே போயிரும். அளந்து, போட்டோ எடுத்து, பேன் பாத்து, கவர் போட்டு, கோயிலுக்குக் கூட்டிட்டுப்போயி போட்டோ எடுத்து, திரும்ப பஸ் ஏத்திக் கொண்டுபோறதுக்குள்ள பொழுது போயிரும். புள்ள ஒண்ணும் கேக்க மாட்டான். ஒண்ணே ஒண்ணுதான் கேப்பான். அப்பா, முடி வெட்டுனா நான் எப்படி இருப்பேன்னு. கேஸு முடியட்டும்டா பாக்கலாம்னு சொல்லிருவேன். அடுத்த தடவை வந்தா மறுபடி அதையே கேப்பான். அவனுக்குத் தன் முகம் மறந்தே போயிருச்சோ என்னமோ.

கண்டக்டரு வர்றாரு. சில்லறை இருக்காண்ணே? இல்ல, இருக்கு, பாத்துட்டேன். ஒரு ஏழுகரை விலக்கு குடுங்க.

பாருங்க, மறுபடி அதே நம்பர். அடி, நல்லா அடி.

எங்க விட்டேன்? ஆங், போன வாரம் புது ஜட்ஜம்மா புள்ளைய மட்டும் தனியா ரூம்புக்குள்ள கூப்பிட்டாங்க. நான் விடுவேனா? ஒரு சனிக்கிழமை பூரா சொல்லிக் குடுத்திருந்தேன். எந்தச் சாமி பிடிக்கும்னு கேப்பாங்க, ஏழுகரை அய்யனார்னு சொல்லணும், குதிரை இருக்கும்னு சொல்லணும்னு. அவளும் மாதா, நீலச் சேலைன்னு ஒரு ஞாயித்துக்கிழமை பூரா ஓட்டியிருக்கா. உள்ள என்ன நடந்துச்சுன்னு கோர்ட்டுல எழுதுற அம்மா எங்க வக்கீலுகிட்டச் சொல்லியிருக்காங்க. தம்பி, உனக்கு எந்தச் சாமியப் பிடிக்கும்னு ஜட்ஜம்மா கேட்டிருக்காங்க. அதுக்கு இவன் கேட்டிருக்கான்:

“ஆன்ட்டி, இன்னைக்கு யாரோட நாளு? அதச் சொல்லுங்க, நான் கரெக்டா சொல்லிருவேன்.”

எம்புட்டு விவரம் பாருங்க. அந்தம்மா தண்ணி குடிச்சுட்டு, சரி, உனக்கு எங்க முடி எடுத்துக்கணும்னு ஆசைன்னு கேட்டாங்களாம். இவன் சலூன்லன்னானாம்.

அம்புட்டும் போச்சு. ஒரு சனிக்கிழமை பூரா சொல்லிக்குடுத்தது பூரா வீணு. வெளிய வந்து ஜட்ஜம்மா எங்க ரெண்டு பேரையும் பாத்த பார்வை இருக்கே, அதை நான் மறக்க மாட்டேன். அடுத்து வர்ற சனிக்கிழமை ஒரு சாதாரண சலூன்ல, தாய் தகப்பன் ரெண்டு பேர் முன்னாடியும், இந்தக் குழந்தைக்கு முடி வெட்டியாகணும்னு எழுதிட்டாங்க. கோயிலும் கிடையாது, சர்ச்சும் கிடையாது. எந்த ஊரு சலூன்? கொடைரோடுதான். வேற எங்க நடு இருக்கு?

ஆனா எங்க வக்கீலு வக்கீலுதாண்ணே. உத்தரவைப் படிச்சுட்டுச் சிரிச்சாரு. பாண்டி, முடிய எங்க வெட்டணும்னு எழுதியிருக்காங்க, வெட்டுன முடி யாருக்குன்னு எழுதலையேன்னாரு. மொட்டைதான் போடணும்னு ஒண்ணும் இல்ல, பூமுடின்னு கொஞ்சம் முடி மட்டும் செலுத்துற வழக்கம் எல்லாக் கோயில்லயும் இருக்கு, யாரு வேண்டுதல் முதல்ல நிறைவேறுதோ அவங்க மனு ஜெயிச்ச மாதிரின்னாரு. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு.

இன்னைக்குக் காலையில போய் நிக்கிறேன். அவளும் வந்திருக்கா. புள்ளைய ரெட்டைச் சடையோட கூட்டிட்டு வந்திருக்கா, ரிப்பன் கட்டி. அவ கையில ஒரு துணிப்பை. அதைப் பாத்ததும் எனக்கு விளங்கிருச்சு, அவ வக்கீலும் அந்த உத்தரவைப் படிச்சிருக்காங்கன்னு. சலூன்காரரு வயசானவரு. புள்ளைய ஏத்தி உக்கார வச்சாரு, துணியப் போத்துனாரு. புள்ள கண்ணாடியவே பாத்துக்கிட்டிருக்கான். சிரிக்கிறான். ரொம்ப நாளாச்சுண்ணே அவன் அப்படிச் சிரிச்சு. அப்பா, நீ இங்கிட்டு நின்னு பாருன்னான். பாக்குறேன்டான்னேன். என் கண்ணு பூரா கத்திரி மேலதான் இருந்துச்சு.

சலூன்காரரு முதல்ல சடை ரெண்டையும் அப்படியே அடியில பிடிச்சு வெட்டுனாரு. கறக் கறக்னு. வெட்டி, இது யாருக்கும்மான்னு ஒரு பேச்சுக்குக் கேட்டாரு பாவம். கேட்டு முடிக்கல, அவ இடது பக்கத்துச் சடைய எடுத்துட்டா. நான் வலது பக்கத்துச் சடைய எடுத்துட்டேன். வலதுதாண்ணே சாமிக்கு உகந்தது. அவ ரெண்டு சடையும் எனக்குத்தான்னா, தினமும் பின்னுனது நான்தானன்னா. நான் தரல. அவ என்னையப் பாத்தா, சலூன் கடிகாரத்தைப் பாத்தா, செருப்பைக்கூடச் சரியா மாட்டாம வெளிய ஓடுறா. திண்டுக்கல்லுப் பக்கம் பஸ்ஸு வந்துக்கிட்டிருக்கு. திண்டுக்கல்லு, திருச்சி, வேளாங்கண்ணி. நான் விட்டுருவேனா? இந்தப் பக்கம் ரோட்டைத் தாண்டி வந்த பஸ்ஸுல தொத்திக்கிட்டேன். ஆரப்பாளையத்துல இறங்கி ஆட்டோ பிடிச்சு மாட்டுத்தாவணி, மாட்டுத்தாவணியில இந்த பஸ்ஸு. அவளுக்கு வேளாங்கண்ணி போய்ச் சேர ராவாயிரும். எனக்கு இன்னும் ரெண்டு மணி நேரம். நான்தான் முந்துறேன். அய்யனார் எம் பக்கம்தான் இருக்காருன்னு இதுலயே தெரியலையா?

பையனா? அவனை எதுக்குண்ணே இழுத்துக்கிட்டு வர்றது, தலையிலதான் சடை இல்லையே. சடைதான வேண்டுதல். அவன் சலூன்ல உக்காந்திருந்தான், இன்னும் கிராப்பு வெட்டி முடிக்கல. அவன் அம்மாதான் அங்க இருக்காளே.

இல்ல, அவ பஸ் ஏறுனான்னு நான்தான் சொன்னேன், சரிதான். திரும்பிப் போயிருப்பாண்ணே. பெத்தவ விட்டுட்டுப் போவாளா?

எடுக்கவா? நீங்க சொல்றீங்கன்னு எடுக்குறேன். வக்கீலா இருந்தா நான் இல்லைன்னு நீங்க பேசணும். அலோ. ஆமா, பாண்டி டிஜிட்டல்ஸ்தான். யாரு பேசுறது? எந்த சலூனு? கொடைரோடா? அண்ணாச்சி, காசு அவங்க குடுக்கலையா? நான் அவங்க குடுத்திருப்பாங்கன்னு... என்னது? இருக்கானா? இன்னுமா? அவங்க எங்க? வரவே இல்லையா? போன் எடுக்கலையா? இல்லண்ணே, எனக்குத் தெரியாத நம்பரா இருந்துச்சு, நான்... இட்லி வாங்கிக் குடுத்தீங்களா. சரி. சரிண்ணே. அவன்கிட்டக் குடுங்க.

டேய். எழிலா. அழுகாதடா. அழுகலையா? சரி. பையில இருந்த அட்டையப் பாத்து நம்பர் சொன்னியா? கெட்டிக்காரன். என்னது? சத்தமாச் சொல்லு, பஸ் சத்தம். ம். ம். சரிடா. வையி, வந்துடுறேன்.

அண்ணே, அவ நெசமாவே போயிட்டாண்ணே. வேளாங்கண்ணி பஸ்ஸுல போயிட்டா. பாத்தீங்களா, பெத்த புள்ளைய ஒரு சலூன்ல தனியா விட்டுட்டு ஒரு சடையத் தூக்கிக்கிட்டு ஓடியிருக்கா. இது போதும்ணே. இதை மட்டும் நாகலிங்கத்துக்கிட்டச் சொன்னேன்னு வைங்க, திங்கக்கிழமையே மனுப் போட்டு...

ஏண்ணே அப்படிப் பாக்குறீங்க?

ஆமா. எஞ் சனிக்கிழமைதான் இன்னைக்கு, அவன் எங்கிட்ட இருக்குற நாளு.

புள்ள என்ன கேட்டான் தெரியுமா? கோவிக்கல. ஏன் விட்டுட்டுப் போனன்னு கேக்கல. அப்பா, முடி வெட்டியாச்சுப்பா, சலூன் தாத்தா நல்லா இருக்குன்னாரு, நீ வந்து பாத்துட்டுச் சொல்லுங்கிறான். கயிறு கழுத்துல இருக்கு, கழட்டி வச்சிரவான்னு கேக்குறான். நீ வர்றதுக்குள்ள கழட்டி வச்சிருறேன்ப்பாங்கிறான்.

கண்டக்டரு, நிறுத்துங்க. எந்த இடமா இருந்தாலும் பரவாயில்ல, திருப்புவனம்னா திருப்புவனத்துல நிறுத்துங்க. டிக்கெட்டு போகட்டும். அண்ணே, கொஞ்சம் காலை எடுங்க.

பையா? அது இருக்கட்டும், நீங்க ஏழுகரைதான. போற வழியில மேற்க பாத்து இருக்குற அந்தச் சாமி வாசல்ல போட்டுருங்க. முடியலன்னா கம்மாயில போடுங்க, குப்பையில போடுங்க, என்னமோ பண்ணுங்க. முடிதானண்ணே அது. அவன் எப்படி இருக்கான்னு நான் இன்னும் பாக்கல.